அல்சூர் பக்கத்தில் தமிழில் பேசக்கூடிய ஏ.ஏ. கூட்டம் உண்டா? வாசல் வரை போய்த் திரும்பியவன் கேட்கிறேன்

வாணியம்பாடியான்:

வணக்கம். எனக்கு வயது 41. வாணியம்பாடிக்குப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்து 16 ஆண்டுகள் ஆகின்றன. அல்சூரில் மனைவி, மகளுடன் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இன்றோடு குடியை விட்டு 23 நாட்கள் ஆகின்றன. அவற்றில் முதல் 9 நாட்கள் மருத்துவமனையில் கழிந்தன. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், உடம்பில் இருந்ததை இறக்கியாயிற்று, இனிமேல் இதைத் தனியாகச் சுமக்காதீர்கள், ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போங்கள் என்று சொல்லி, குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) அமைப்பின் உதவி எண் ஒன்றை மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.

அந்த எண்ணில் பேசினேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, என் வீட்டிலிருந்து வண்டியில் பத்து நிமிடத் தொலைவில், ஒரு தேவாலய வளாகத்துப் பள்ளியில் வியாழக்கிழமை மாலை 7 மணிக்குக் கூட்டம் நடப்பதாகச் சொன்னார். போனேன். கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே ஏழெட்டுப் பேர் ஒரு டியூப் லைட்டின் கீழ் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததை இருபது நிமிடம் பார்த்தேன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி கேட்டதற்கு, கூட்டம் ரத்தாகிவிட்டது என்று பொய் சொன்னேன். குடிக்காமலேயே சொன்ன பொய் அது என்பது அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

என்னைத் தடுத்தவை எவை என்று யோசித்துப் பார்த்தேன். முதலாவது மொழி. ஆங்கிலத்தில் அலுவலகக் கணக்கை விளக்க என்னால் முடியும். கன்னடத்தில் கடையில் பேசிக்கொள்வேன். ஆனால் என் மகளின் காதணி விழாவன்று நான் மண்டபத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்ததையும், என் மைத்துனர் என்னைத் தூக்கிக் காரில் படுக்க வைத்துவிட்டு வந்த பிறகுதான் குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொண்டார் என்பதையும் தமிழைத் தவிர வேறு எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது, இந்தப் பகுதியில் தெருவுக்குப் பத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால் என்ன செய்வது? மூன்றாவது, நான் முருகனைக் கும்பிடுகிறவன். தேவாலயத்தில் நடப்பதால் அது மதம் சார்ந்ததாக இருக்குமோ என்ற தயக்கமும் இருக்கிறது. மனைவியை உடன் அழைத்துப் போகலாமா என்பதும் தெரியவில்லை. இந்த ஊரில் கூட்டங்களுக்குப் போய்ப் பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதினோராம் ஆண்டு:

தம்பி, கேட் வரைக்கும் போனதைச் சிறியதாக நினைக்காதீர்கள். நான் மூன்று வாரம் அப்படித்தான் போய்த் திரும்பினேன். அந்த மூன்று வாரங்களில் இரண்டு வாரம், திரும்பும் வழியில் இருந்த எம்.ஆர்.பி. மதுக்கடையில் குவார்ட்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். நீங்கள் நேராக வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள்.

முதலில் மொழி. பெங்களூரில் ஆங்கிலம், கன்னடம், தமிழ் ஆகிய மூன்றிலும் கூட்டங்கள் நடக்கின்றன. அதே உதவி எண்ணில் மறுபடியும் பேசி, தமிழில் பகிரும் குழு எது, அது வாரத்தில் எந்தெந்த நாள் கூடுகிறது என்று கேளுங்கள். ஏ.ஏ. அமைப்பின் இந்திய இணையதளத்திலும் ஊர் வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். ஆனால் பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாமல், போவதற்கு முன் ஒருமுறை பேசிவிடுவது நல்லது. பள்ளியில் தேர்வு நடந்தாலோ, வளாகத்தில் திருவிழா வந்தாலோ அறை மாறிவிடும். பேசும்போது, நான் புதியவன், கேட்டருகில் யாராவது வந்து என்னை அழைத்துக்கொள்ள முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். புதியவரை வாசலில் எதிர்கொள்வதை இங்கே யாரும் உபகாரமாக நினைப்பதில்லை, அது எங்கள் வேலை. யாரும் வரவில்லையென்றால் காவலாளியிடம் "ஏ.ஏ. மீட்டிங் எல்லிதே?" என்று கேட்டால் போதும், எந்த மாடி என்று அவரே காட்டிவிடுவார். ஆங்கிலக் குழுக்களிலும் தமிழில் பேசிவிட்டு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாதிப் பேருக்குச் சொற்கள் புரியாது. ஆனாலும் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பயம் பெரிதாகிறது என்பதால் அதைச் சொல்லிவிடுகிறேன். நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போட்டிருக்கும். மேசைமேல் சிறு புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் இருக்கும். அன்றைக்குக் கூட்டத்தை நடத்துபவர் சற்று நேரம் மௌனமாக இருக்கச் சொல்லிவிட்டு, ஏ.ஏ. என்றால் என்ன என்று எழுதி வைத்திருக்கும் சில வரிகளை வாசிப்பார். குடிப்பதை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் இங்கே உறுப்பினராவதற்கான தகுதி என்பதும், சந்தாவோ கட்டணமோ கிடையாது என்பதும் அந்த வரிகளில் இருக்கும். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லிவிட்டு, தம் கதையைச் சொல்வார்கள். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கிட மாட்டார். பேசி முடித்தவருக்கு அறிவுரை சொல்லவும் மாட்டார். வீட்டிலும் அலுவலகத்திலும் பத்து ஆண்டுகளாக அறிவுரை மட்டுமே கேட்டு வந்த எனக்கு, இந்த ஒன்றுதான் முதல் நாளில் நெஞ்சைத் தொட்டது. உங்கள் முறை வரும்போது, இன்றைக்குக் கேட்க மட்டும் வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். இடையில் ஒரு பை சுற்றி வரும். அறை வாடகைக்கும் தேநீருக்கும் உறுப்பினர்கள் தம்மால் முடிந்ததைப் போடுவார்கள், புதியவர் போட வேண்டியதில்லை. வெளியாரிடமிருந்து நன்கொடை வாங்குவதில்லை என்பது இந்த அமைப்பின் மரபு. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில், மாற்ற முடியாததை ஏற்கும் மன அமைதியைக் கேட்கும் சிறிய வேண்டுதலோடு கூட்டம் முடிந்துவிடும். முடிந்தவுடன் ஓடிவிடாதீர்கள். தேநீர் குடிக்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தொலைபேசி எண்கள் கைமாறும்.

தெரிந்தவர் இருந்தால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். என் இரண்டாவது கூட்டத்திலேயே எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளாக லிஃப்டில் தினமும் பார்க்கிறோம். தண்ணீர் லாரியைப் பற்றிப் பேசியிருக்கிறோமே தவிர, மற்றவர் முன்னால் ஒருமுறைகூட அவர் இதைக் குறிப்பிட்டதில்லை. நீங்கள் எதற்காக அந்த அறைக்குப் போகிறீர்களோ, அதற்காகத்தான் அவரும் வந்திருப்பார். பெயர் வெளியே போகாமல் காப்பது அமைப்பின் பெயரிலேயே இருக்கிறது; அனானிமஸ் என்றால் பெயர் வெளியிடாதவர் என்றுதான் பொருள். வருகைப் பதிவேடு கிடையாது, முழுப் பெயரையும் யாரும் கேட்பதில்லை.

தேவாலய வளாகங்களில் நடப்பதற்குக் காரணம், மாலை நேரத்தில் காலியாக இருக்கும் அறையைக் குறைந்த வாடகைக்கு அவர்கள் தருகிறார்கள் என்பதுதான். ஏ.ஏ. எந்த மதத்தையும் சார்ந்ததன்று. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரோடு ஒருவர் பேசியதிலிருந்து இது தொடங்கியது. இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. ஏ.ஏ. வழிகாட்டியாகக் கொள்ளும் பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது, ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றுதான் எழுதியிருக்கிறது. என் பக்கத்தில் உட்காருகிறவர் ஐந்து வேளை தொழுகிறவர். நீங்கள் முருகனையே நினைத்துக்கொள்ளலாம்.

கடவுள் பக்தியைப் பற்றி என் அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏழு ஆண்டுகள் சபரிமலைக்கு மாலை போட்டேன். ஒவ்வோர் ஆண்டும் 48 நாட்கள் ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. மாலையைக் கழற்றிய அன்றிரவே குடித்துவிடுவேன். 48 நாள் நிறுத்த முடிகிறவன் எப்படிக் குடிநோயாளி ஆவான் என்று மனைவியிடம் வாதாடுவேன். ஐயப்பன் தன் பங்கைச் சரியாகத்தான் செய்தார். நாற்பத்தொன்பதாம் நாளுக்கு நான் யாரிடமும் எதுவும் கேட்டு வைத்திருக்கவில்லை. கூட்டத்தில் இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன் என்றுதான் சொல்லச் சொன்னார்கள். ஆயுள் முழுக்க என்று சத்தியம் செய்து, ஊரில் கோயிலில் கயிறு கட்டி, அதை அறுத்தும் பழகியிருந்த எனக்கு, ஒரு நாள் என்பது செய்து முடிக்கக்கூடிய அளவாக இருந்தது.

இன்னும் சில வார்த்தைகள். ஒரே ஒரு கூட்டத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழுவுக்குக் குழு குணம் மாறும். ஐந்தாறு இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். 90 நாளில் 90 கூட்டம் என்பது பழைய உறுப்பினர்கள் புதியவர்களுக்குச் சொல்லும் யோசனை. உங்கள் வேலையோடு அது முடியாவிட்டால் முடிந்த அளவு போங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது வந்தாலும் கவனமாக இருக்கச் சொல்வார்கள். எனக்கு மாலை ஆறு மணிப் பசிதான் எதிரி, ஆகவே அலுவலகத்திலிருந்து கிளம்பும் முன் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டுவிடுவேன். ஓரளவு பழகிய பிறகு, உங்களுக்கு மனம் ஒட்டுகிற மூத்த உறுப்பினர் ஒருவரிடம், ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண், ஸ்பான்சராக, அதாவது உங்களுக்குத் துணைநிற்கும் வழிகாட்டியாக, இருக்க முடியுமா என்று கேளுங்கள். முதல் கிளாஸைத் தொடுவதற்கு முன்னால் அவருக்குப் போன் செய்ய வேண்டும். தொட்ட பிறகு செய்தால் பேசுவது நீங்களாக இருக்க மாட்டீர்கள்.

மனைவியைப் பொறுத்தவரை, திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். போனில் கேட்கும்போது இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாமரை:

நான் குடிநோயாளியின் மனைவி. என் கணவர் இரண்டு முறை சறுக்கி எழுந்து, இப்போது ஆறு ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கிறார். மேலே அண்ணன் எழுதியிருப்பதில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வந்தேன். உங்கள் மனைவிக்குத் தனியாக ஒரு கூட்டம் இருக்கிறது தம்பி. அல்-அனான் என்று பெயர்; 1951-இல் குடிநோயாளிகளின் குடும்பத்தார் தமக்காகத் தொடங்கியது. நம் ஊரிலும் நடக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன் என்று ஒரு பிரிவும் உண்டு.

உங்கள் மனைவியை உங்கள் கூட்டத்துக்கு அழைத்துப் போவது நல்லதுதான். ஆனால் உங்களைக் காவல் காப்பதற்காக அவர் வரக் கூடாது என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் நான் செய்தது அதுதான். வாசலிலேயே வாயை மோந்து பார்ப்பேன். வண்டிப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, அரிசி டின் என்று தேடாத இடமில்லை. சம்பளத் தேதியில் அலுவலக வாசலில் போய் நின்றிருக்கிறேன். ஒரு வார இதழில் விளம்பரம் பார்த்து, அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார் என்று ஒரு பொடியைக் கூரியரில் வரவழைத்து, இரண்டு மாதம் ரசத்தில் கலந்து கொடுத்தேன். ஒருநாள் குடித்துவிட்டு வந்தவருக்கு முகம் இரத்தமாகச் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி நிற்காமல், இரத்த அழுத்தம் இறங்கி, ஆட்டோவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டு போனோம். என்ன சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டபோது நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொட்டலத்தில் மருந்தின் பெயரே அச்சாகியிருக்கவில்லை. டைசல்ஃபிராம் என்ற மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் இப்படி ஆகும் என்றும், நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அது வேலை செய்யும் என்றும், நோயாளி அறிந்து சம்மதித்து, மருத்துவர் பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய அந்த மருந்தை இரகசியமாகக் கொடுத்தால் உயிரே போகலாம் என்றும் அவர் விளக்கினார். இதைப் படிக்கிற சகோதரிகள் யாரிடமாவது அப்படி ஒரு பொட்டலம் இருந்தால், தயவுசெய்து இன்றே அதைக் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர்தான் என்னை அல்-அனானுக்கு அனுப்பினார். கணவர் குடிப்பதற்கு நான் காரணமில்லை, அதைக் கட்டுப்படுத்த என்னால் முடியாது, குணப்படுத்தவும் என்னால் முடியாது என்று முதல் நாளில் சொன்னார்கள். என் மாமியார் கல்யாணமான ஆண்டிலிருந்து, நீ சரியாக இருந்தால் என் பிள்ளை ஏன் குடிக்கப் போகிறான் என்று கேட்டு வந்தவர். அந்த முதல் வாக்கியத்தைக் கேட்டபோது நான் அழுத அழுகையில், பக்கத்தில் இருந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பொய் சொன்னதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கூட்டம் ரத்தாகவில்லை, வாசலோடு திரும்பிவிட்டேன் என்று மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அவருக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும். நாங்கள் தெரியாததுபோல் இருப்போம், அவ்வளவுதான்.

இரவுப்பணி:

நான் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். கேட்டவர் ஏற்கெனவே மருத்துவமனையில் இருந்து வந்தவர் என்பதால் அவருக்கு இது பொருந்தாது. ஆனால் இந்த இழையைப் படித்துவிட்டு, நானும் இன்றிரவோடு நிறுத்திவிட்டு நாளை கூட்டத்துக்குப் போகிறேன் என்று யாராவது கிளம்புவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

நாள்தோறும் அதிகமாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை, சிலருக்கு நினைவு குழம்பி, இல்லாத பூச்சிகளும் ஆட்களும் தெரிந்து, காய்ச்சலும் படபடப்புமாக டெலிரியம் என்ற நிலை ஏற்படும். கவனிக்காவிட்டால் அதில் உயிர் போகும். மாலை போட்ட மூன்றாம் நாளில் பிதற்றத் தொடங்கிய ஒருவரை, சாமி வந்திருக்கிறது என்று நினைத்து ஒரு பகல் முழுதும் பூசையறையில் உட்கார வைத்திருந்துவிட்டு, வலிப்பு வந்த பிறகு எங்களிடம் கொண்டு வந்தார்கள். பிழைத்துக்கொண்டார். இந்த நிலை வராமல் தடுக்கக் குறிப்பிட்ட சில நாட்களுக்குக் குறைத்துக்கொண்டே வரும் மாத்திரைகளும், குடியால் உடலில் வற்றிப்போகும் பி-1 வைட்டமினான தயமின் ஊசியும் இருக்கின்றன. தெரு முனையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு சமாளிப்பது தீர்வன்று. தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு கூடிவிடக்கூடும்.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு ஒசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை பெரிய வாய்ப்பு. அங்கே குடிநோய்க்கென்றே தனி மருத்துவ மையம் இருக்கிறது, 24 மணி நேர அவசரப் பிரிவும் இருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தால் வீட்டிலிருந்து ஒருவர் உடன் தங்கச் சொல்வார்கள் என்பதால், அதற்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். நேரில் போகத் துணிவில்லாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மறுவாழ்வு இல்லம் என்று பெயர்ப் பலகை வைத்திருக்கும் எல்லா இடங்களையும் நம்பிவிடாதீர்கள். என் சித்தி மகனை ஓர் இல்லத்திலிருந்து நான்கு பேர் வேனில் வந்து தூக்கிப் போனார்கள். மூன்று மாதம் கழித்து உடம்பில் அடித்த தழும்புகளோடு வந்தவன், அந்த வாரமே குடித்தான். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோய்க்கும் பொருந்தும். பதிவு பெற்ற நிலையமா, மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கூட்டங்களால் பயன் உண்டா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்குச் சொல்வது இது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களையும் எடுத்துக்கொண்டு பார்த்தது; ஏ.ஏ. வழியில் முறையாகச் சேர்த்துவிடப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் 42 சதவீதம், மற்றச் சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 சதவீதம். மருந்தை நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போ என்று எந்த உறுப்பினராவது சொன்னால் அது அவருடைய சொந்தக் கருத்து, அமைப்பின் கருத்தன்று. இரண்டும் சேர்ந்தே போகலாம். 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மீதி 37 பேரில் பலரை நான் இரவில் ஸ்ட்ரெச்சரில் பார்க்கிறேன்.

ஈரோட்டுப் பேரன்:

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்காக ஒரு குறிப்பு. நான் சுயமரியாதைக் குடும்பத்தில் வளர்ந்தவன். கள்ளுக்கு எதிராகப் பெரியார் தம் தோப்பில் 500-க்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த செய்தியைத் தாத்தா சொல்லக் கேட்டவன், முப்பது வயதில் தினமும் அரைப் புட்டி குடித்துக்கொண்டிருந்தேன். நம்மைவிட மேலான ஒரு சக்தி என்று கூட்டத்தில் வாசித்தபோது எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த முதியவர், அந்த இடத்தில் இந்த அறையில் இருக்கிறவர்களை வைத்துக்கொள்ளுங்கள், இத்தனை பேரும் சேர்ந்து உங்களைவிட மேலானவர்கள்தானே என்றார். அதை என்னால் மறுக்க முடியவில்லை. நான்கு ஆண்டுகளாக அப்படித்தான் போகிறேன். வேண்டுதல் சொல்லும்போது மௌனமாக நிற்பேன், யாரும் எதுவும் கேட்டதில்லை. அதுவும் ஒத்து வராதவர்கள், 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறு அமைப்பின் இணையவழிக் கூட்டங்களைப் பார்க்கலாம்; அதில் இறைநம்பிக்கைக்கு இடமில்லை, எண்ணங்களைக் கையாளும் பயிற்சிகளைச் சொல்லித் தருகிறார்கள். அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன என்பது குறை.

வாணியம்பாடியான்:

எல்லோருக்கும் நன்றி. இன்று 31-ஆம் நாள். இரண்டு கூட்டங்களுக்குப் போய்விட்டேன்.

தாமரை அக்கா எழுதியதைப் படித்த அன்றிரவு மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். "தெரியும்" என்றார். பிறகு இருவரும் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. மறுநாள் நான் உதவி எண்ணில் பேசிக்கொண்டிருக்கும்போது, அல்-அனானுக்கும் எண் கேளுங்கள் என்று சமையலறையிலிருந்து சொன்னார்.

தமிழில் பகிரும் குழு ஒன்று கிடைத்தது. என் வீட்டுக்கு அருகில் இல்லை, வண்டியில் அரை மணி நேரம் ஆகிறது. வீட்டுப் பக்கத்தில் இல்லை என்பதே எனக்குச் சற்று ஆறுதலாகவும் இருந்தது. சொல்லியிருந்தபடி ஒருவர் கேட்டில் நின்று என்னை அழைத்துப் போனார். உள்ளே 14 பேர் இருந்தார்கள்: ஆட்டோ ஓட்டுகிறவர், ஓய்வுபெற்ற பொறியாளர், பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கிறவர், இரண்டு பெண்கள். முதல் கூட்டத்தில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டோக்காரர், தன் மகனின் பள்ளி ஆண்டு விழாவில் மேடைக்கு முன்னால் விழுந்ததைச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கூட்டத்தில் காதணி விழாவைப் பற்றிச் சொன்னேன். நான் எதிர்பார்த்ததுபோல் யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அதிர்ச்சியடையவும் இல்லை. தலையசைத்துக் கேட்டார்கள். அடுத்தவர் பேசத் தொடங்கினார். கூட்டம் முடிந்ததும் மூன்று பேர் தங்கள் எண்ணை எழுதித் தந்தார்கள். சனிக்கிழமை மாலை அலுவலகத்தில் ஒருவருக்கு விடையளிப்பு விருந்து இருந்தது. போகவில்லை, அந்த நேரத்தில் அந்த எண்களில் ஒன்றில் நாற்பது நிமிடம் பேசிக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு வாரத்துக்கு நான்கு நாட்கள் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு நாள் இந்தக் குழு, இரண்டு நாள் வீட்டருகே இருக்கும் அந்தப் பள்ளி.

ஷிஃப்ட் முடிந்தவன்:

இதையெல்லாம் படித்துவிட்டு எழுதுகிறேன். எலக்ட்ரானிக் சிட்டியில் இரவு ஷிஃப்ட் வேலை. அறையில் தனியாக இருக்கிறேன். மாலைக் கூட்டங்களுக்கு என்னால் வர முடியாது. இன்று காலையிலிருந்து குடிக்கவில்லை. கை நடுங்குவதால் இதைத் தட்டச்சு செய்வதற்கே நேரமாகிறது. பகலில் கூட்டம் ஏதாவது இருக்கிறதா?

இரவுப்பணி:

தம்பி, பகலிலும் அதிகாலையிலும் இணையவழிக் கூட்டங்கள் நடக்கின்றன. 2020-க்குப் பிறகு அவை பெருகியிருக்கின்றன, உங்கள் ஷிஃப்டுக்கு ஏற்றது நிச்சயம் கிடைக்கும். ஆனால் அது நாளைக்கோ அடுத்த வாரமோ பார்க்க வேண்டியது. கை நடுங்குகிறது, தனியாக இருக்கிறீர்கள் என்பதால் இப்போது கூட்டத்தைத் தேடாதீர்கள். வியர்வையோ வாந்தியோ இருக்கிறதா, முன்பு எப்போதாவது நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பக்கத்து அறையில் இருப்பவரையோ உடன் வேலை செய்பவரையோ கூட்டிக்கொண்டு இப்போதே ஆட்டோவில் நிம்ஹான்ஸ் அவசரப் பிரிவுக்கோ அருகில் உள்ள மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். வண்டியை நீங்கள் ஓட்ட வேண்டாம். தினமும் எவ்வளவு குடித்தீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்வார்கள். யாரும் துணைக்கு இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், நான் காலை வரை பணியில்தான் இருக்கிறேன்.